ருசு

என் தம்பி வக்கீலாகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சென்னை தம்புச்செட்டித் தெருவில், வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் வழக்கு நடத்தும் ஒரு நிறுவனத்தில் ஜூனியர். நான் வங்கியில் குமாஸ்தா. அவன் மேஜைக்குப் போகும் காகிதங்களில் சில என் மேஜையிலிருந்து புறப்பட்டவை என்பது வெகுநாள் வரை எனக்கு உறைக்கவில்லை.

முதல் ஆறு மாதம் அவனுக்கு அங்கே யாரும் சட்டம் சொல்லித் தரவில்லை. பக்கங்களுக்கு எண் போட்டான். தேதிவாரியாகச் சம்பவப் பட்டியல் தயாரித்தான். ரிஜிஸ்ட்ரி குறை சொல்லித் திருப்பிய மனுக்களைச் சரிசெய்து மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தான். கறுப்பு அங்கியோடு நீதிபதி முன் அவன் முதன்முதலில் பேசியது, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வழக்கைச் சற்றுப் பொறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். இதற்குப் ‘பாஸ் ஓவர்’ கேட்பது என்று பெயர். வாரம் முழுவதும் அதையே பல அறைகளில் சொல்லிவிட்டு வருவான். கைக்கு வந்த பணம் ரயில் பாஸுக்கும் டீக்கும் சரியாக இருந்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்கவேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. தம்பி அந்தச் செய்தியைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினான். அடுத்த மாதமும் என்னிடம்தான் பணம் வாங்கிக்கொண்டான்.

பிறகு டிராஃப்ட் எழுதச் சொன்னார்கள். ஒருநாள் சீனியர் அவன் எழுதியதில் ஒரே ஒரு வினைச்சொல்லை அடித்துத் திருத்தினாராம். வீட்டுப் பத்திரங்களைக் கொடுத்து வைக்கும் அடமானத்துக்கு, 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, ஒப்படைப்பே போதும். அதைக் குறித்துவைக்கும் தாளில் ‘ஒப்படைத்தார்’ என்று இருந்தால் அது வெறும் குறிப்பு. ‘இதன்மூலம் ஒப்படைக்கிறார்’ என்று எழுதிவிட்டாலோ அந்தத் தாளே அடமானத்தை உண்டாக்கியதாகிவிடும். பதிவு செய்யாவிட்டால் செல்லாது. தமிழ்நாட்டில் இப்போது குறிப்பையும் பதிவு செய்தாகவேண்டும். ஆனாலும் வாக்கியத்தை விட்டு இறந்தகாலம் போகவில்லை.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நான் பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன். கவிதையை அணுக எழுதியவனின் வாழ்க்கை வேண்டாம், உத்தேசம் வேண்டாம், பிரதி ஒன்றே போதும் என்று கற்றுக்கொண்டவன். இந்தப் பத்திரிகையிலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு வினைமுற்றின் காலத்தைப் பார்த்து வீடு யாருக்கு என்று தீர்மானிக்கிறவர்களைவிட நல்ல வாசகர்கள் உண்டா என்று ஒரு கட்டுரை எழுத நினைத்துக் குறிப்புகூட எடுத்தேன். அதை எழுதமுடியாமல் போனதற்குக் காரணம் ஒரு ஜாமீன் படிவம்.

போன வருஷம் ஓர் இரவு தம்பி ஒரு ஜெராக்ஸை என் முன் வைத்தான். மைத்துனனின் லேத் பட்டறைக் கடனுக்கு ஜாமீன் நின்ற ஒரு பெரியவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடன் நின்றுபோய் வக்கீல் நோட்டீஸ் போனதும் பதில் அனுப்பியிருந்தார். பென்சிலால் பெருக்கல்குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், அப்போது தொகை எழுதியிருக்கவில்லை, ஐந்து லட்சம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள் என்று. படிவத்தில் 17 லட்சம் இருந்தது.

“அண்ணா, இது யார் எழுத்து?”

ஏழுக்குக் குறுக்கே ஒரு சிறு கோடு. கல்லூரி நாளில் பழகிக்கொண்ட பகட்டு. அப்போது நான் இருந்த கிளையில் வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள். தம்பிக்கும் அது தெரியும்.

“என்னோடதுதான்.”

“அவர் கையெழுத்துப் போடறப்போ தொகை இருந்ததா?”

அந்தப் பெரியவரின் முகம் எனக்கு நினைவில்லை. வழக்கம் நினைவிருக்கிறது. ஒரு கடனுக்கு முப்பது நாற்பது கையெழுத்து. ஆள் வந்திருக்கும்போது வாங்கிவிடுவது, சாயங்காலம் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வது. மேனேஜர் தந்த துண்டுச்சீட்டில் இருந்ததை எழுதியிருப்பேன். கையெழுத்தின்போது தொகை இருந்திருக்காது. எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. இதை அவனிடம் சொன்னேன்.

இதுபற்றி வங்கி விசாரித்துப் பதில் தரும் என்று அவன் முதலில் எழுதினான். விசாரிப்பது நம் வேலை அல்ல என்று சீனியர் அடித்துவிட்டார். கடைசியில் போன மறுநோட்டீஸில் ஆங்கிலத்தில் இருந்த வரியைப் பழைய கோர்ட்டுத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மேற்படி குற்றச்சாட்டு மறுக்கப்படுகிறது, அதைக் கண்டிப்பாக ருசுப்படுத்த வேண்டியது தங்கள் பொறுப்பு.’ கூடவே 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு: வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு.

“இதுல பொய்யில்லண்ணா” என்றான். மறுக்கப்படுகிறது; யார் மறுப்பது? வாக்கியத்தில் ஆள் இல்லை. சீனியரிடம் அவன் என்னைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சொல் என்று நானும் சொல்லவில்லை. இலாகா விசாரணை, இன்க்ரிமென்ட், வீட்டு வாடகை எல்லாம் ஒரே கணத்தில் மனசில் வந்துபோயின. வக்கீல் தொழிலில் அவன் எழுதிய முதல் தேர்ந்த வாக்கியம் என்னைக் காப்பாற்ற எழுதியது.

அதை எங்கோ படித்த மாதிரியும் இருந்தது. தேடினேன். மூன்று வருஷம் முன்பு ஒரு நண்பரின் தொகுப்புக்கு நானே எழுதிய மதிப்புரை. ‘இக்கவிதைகள் நிற்குமா என்பதைக் காலம்தான் சொல்லவேண்டும்’ என்று முடித்திருந்தேன். அவருக்கும் நம் வட்டத்துக்கும் அப்போது பேச்சு நின்றிருந்தது. கவிதைகள் பிடித்திருந்தன என்று நான் எழுதவில்லை. பிடிக்கவில்லை என்றும் எழுதவில்லை. அதிலும் பொய்யில்லை. அதிலும் ஆள் இல்லை.

பிரதி ஒன்றே போதும் என்ற என் பழைய வாதம் இங்கேதான் இடறுகிறது. அந்த ஜாமீன் படிவத்தைப் பிரதியாக மட்டும் வாசித்தால் குற்றமே இல்லை. தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து முதலில் வந்தது, தொகை பிறகு வந்தது என்பதைப் படிவம் சொல்லாது, நிரப்பியவன்தான் சொல்லவேண்டும். நல்ல வாசகர்கள் என்று நான் வியந்தவர்கள், எதை வாசிக்காமல் இருக்கவேண்டும் என்பதிலும் பயிற்சி பெறுகிறார்கள். விமர்சகனுக்கு அந்தப் பயிற்சியை யாரும் தருவதில்லை, தானே கற்றுக்கொள்கிறான்.

வழக்குக்கு முன் சட்டப்படி நடத்தவேண்டிய சமரசப் பேச்சு பலிக்கவில்லை. வழக்கு இப்போது வணிக நீதிமன்றத்தில் இருக்கிறது. 2015இல் வந்த சட்டப்படி இவ்வகை வழக்குகளில் பிராதோடு உண்மை உறுதிமொழி ஒன்றை இணைக்கவேண்டும். அதில் கையெழுத்துப் போட்டவர் அந்தக் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர். ஆவணங்களைப் பார்த்து உண்மை என்று நம்புகிறார். நம்பாமலிருக்க அவருக்குக் காரணம் இல்லை. தம்பி அந்த ஃபைலை இன்னொரு ஜூனியரிடம் தள்ளிவிட்டான். இப்போதெல்லாம் பாஸ் ஓவர் கேட்கும்போது குரல் நடுங்குவதில்லை என்கிறான். நான் தொகையை எழுதிய பிறகே படிவத்தை நீட்டுகிறேன். நேரமாகிறது என்று மேனேஜர் முணுமுணுக்கிறார்.

நண்பரின் தொகுப்பில் பாதிக்கு மேல் நல்ல கவிதைகள். இதைக் காலம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்தப் பெரியவருக்கும் ஒரு வரி எழுதவேண்டியிருக்கிறது. முகவரி அந்த ஜெராக்ஸிலேயே இருக்கிறது.