வேம்படிக் கல்லில் நிற்பவர் யார்?

லீவு விட்டால் போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல், மூணாறு என்று கிளம்பிவிடுகிறோம். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பஸ் சார்ஜ் கூடக் கொடுக்காமல், காலாற நடந்துபோய்ப் பார்க்கிற விஷயம் ஒன்று பல ஊர்களில் இருக்கிறது. ஊருக்கு வெளியே வேம்படியிலோ கண்மாய்க் கரையிலோ, எண்ணெய் ஊறிக் கறுத்து நிற்கும் சாமிக்கல்தான் அது. கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதில் நிற்கிற ஆள் யார், என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்?

நான் வாக்கப்பட்டு வந்த ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், சிலமலை தாண்டினால் வரும். மேற்கே பார்த்தால் வானத்துக்கு மதில் கட்டினாற்போல மலை. அதற்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு ஏறிப்போகிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். அவர்கள் பறிக்கிற காய்தான் காய்ந்து, தரம் பிரிந்து, போடி ஏலத்துக்கு வருகிறது. 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து வெளியூர்க்காரர்கள் வருவதும் சுலபமாகிவிட்டது.

ஜப்பானிலிருந்து வந்த காலண்டர்

ஜப்பானில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு காலண்டர் அனுப்பியிருந்தான். மாதத்துக்கு ஒன்றாக சூமோ மல்லர்களின் பழைய படங்கள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தவை. எல்லாருமே மலை போன்ற உடம்பு, உச்சியில் மடித்துக் கட்டின குடுமி. "இதுல யாரும்மா சாம்பியன்?" என்று கேட்டாள் என் மகள்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, உடுப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல நிலைக்கு வந்த மல்லர்கள் கோதாவுக்குள் சடங்காக நுழையும்போது, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் பூவேலைத் துணி ஒன்றைக் கட்டுவார்கள். அந்தக் காலத்தில் மல்லர்களைப் பிரபுக்கள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். துணியில் உள்ள சின்னத்தைக் கொண்டே இவர் எந்தப் பிரபுவின் ஆள் என்று கண்டுகொள்ளலாம்.

அந்தத் துணிக்கு மேலே, கையளவு கனத்தில் ஒரு வெள்ளைக் கயிறும், அதிலிருந்து மின்னல் மாதிரி வளைந்து தொங்கும் வெள்ளைக் காகிதங்களும் இருந்தால் அவர்தான் யோகோசூனா, மல்லர்களில் முதல்வர். 1789-ல் தனிகாசே, ஓனோகாவா என்ற இரண்டு பேர் இந்தக் கயிற்றோடு கோதாவுக்குள் நுழைந்தார்கள். கட்சுகாவா மரபு ஓவியர்கள் அவர்களைப் படமாக்கினார்கள். முதல்வருக்கு முன்னால் ஒருவர், பின்னால் வாள் ஏந்தி ஒருவர் என்று துணையாளும் உண்டு. கயிற்றை முதுகுப்பக்கம் முடிவதில்கூட இரண்டு வகை, ஒரு வளையம் அல்லது இரண்டு வளையம். அவற்றுக்கு உன்ரியூ, ஷிரானுயி என்று பழைய முதல்வர்கள் பேரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பேர்கள் இடம் மாறிப்போனவையோ என்று பழைய படங்களை வைத்து வாதிடுகிறவர்களும் உண்டு.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ரைடன் என்று ஒரு மல்லர். 1790 முதல் 1811 வரை ஆடி, 254 வெற்றி, பத்தே பத்துத் தோல்வி. ஆனால் அவருக்கு அந்தக் கயிறு கிடைக்கவேயில்லை! உடுப்பு நிறையச் சொல்லும். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

அதே கண்ணோடு நம் கல்லை

"நம்ம சாமிக்கல்லுல இருக்கிற ஆளு யாரு?" என்று மகள் அடுத்த கேள்வியைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதை வேம்படிக்குப் போனோம்.

வெயில் ஏறாத நேரமானால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். தேய்ந்த கோடுகூட நிழல் கட்டித் தெரியும். கூடவே ஒரு டார்ச் கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் கல்லில் சாய்ந்த கொண்டை தெரிந்தது. தோளைத் தொடுகிற காது. இடுப்பில் கச்சு, அதன் முடிச்சு பக்கத்தில் தொங்குகிறது. கச்சில் செருகின குறுவாள். காலில் வளையம் மாதிரி வீரக்கழல். பக்கத்தில் ஒரு பெண். மேலே சூரியனும் பிறையும். அவை இருக்கும் வரை இவர்கள் பேர் இருக்கும் என்பது அதற்கு அர்த்தம்.

"மாட்ட ஓட்டிக்கிட்டுப் போன களவாணிகள மறிச்சுச் செத்த ஆளுன்னு எங்க மாமியா சொல்லுவாக" என்றார் அத்தை.

மகள் உட்கார்ந்து பார்த்தவள், "அப்பத்தா, இங்க வால் இருக்கு!" என்றாள். ஆமாம், ஆளின் முழங்காலுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி வளைந்த வால், தூக்கின முன்னங்கால். புலி!

அத்தை அசரவில்லை. "அதுக்கென்ன தாயி? மாட்டக் காக்கப் போன எடத்துல புலி வந்திருக்கும்."

கல்லைப் படிக்க ஒரு வாய்ப்பாடு

ஆளுக்குப் பக்கத்தில் மாடுகள் வரிசையாக இருந்தால் அது ஆநிரைச் சண்டை. மாடு கவரப் போய் அல்லது மீட்கப் போய் மாண்டவர். வில்லும் அம்பும், அல்லது வாளும் கேடயமும் கையில் இருக்கும். பாயும் புலியைக் குத்துவதுபோல் இருந்தால் புலிகுத்திக் கல். பன்றியோடு போராடுகிற கல்லும் உண்டு. காலடியில் கெண்டியும் சிமிழும் இருந்தால் அது வீரனுக்கான படையல். இரண்டு பக்கமும் பெண்கள் தாங்கித் தூக்கினால் அவர்கள் தேவலோகத்துப் பெண்கள், வீரனை மேலே அழைத்துப் போகிறார்கள்.

மனிதர்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனும், பக்கத்தில் அவனுடைய நாயும் இருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பேர் கோவிவன் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியக் கேட்பார்கள்.

பெரிய பயல் வைத்த கல்

சூமோவைப்போல விளையாட்டு வீரருக்கு நம்மிடம் கல் இல்லையா? இருக்கிறது. சேலம் மாவட்டம் கருவந்துறையில் கிடைத்தது, இப்போது சேலம் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீறி வருகிற காளையை ஒருவன் எதிர்கொள்கிறான். கோவுரிச் சங்கன் என்பவன் எருது விளையாடிப் பட்டான், அதாவது மாண்டான் என்றும், அவன் மகன் பெரிய பயல் வைத்த கல் என்றும் அதில் எழுத்து இருக்கிறது.

பெரிய பயல்! நம் வீட்டில் மூத்ததை அப்படித்தானே கூப்பிடுகிறோம்? அப்பனைக் காளைக்குக் கொடுத்துவிட்டு நின்ற மகன், அப்பன் எப்படிச் செத்தான் என்பதை அழியாமல் செதுக்கி வைத்திருக்கிறான். அந்த எழுத்து இல்லாவிட்டால், சங்கன் யாரோ ஒரு மாட்டுக்காரன் என்று போயிருப்பான்.

அந்தப் பெண் யார்?

எங்கள் வேம்படிக் கல்லில் பக்கத்தில் நிற்கிறாளே, அவளைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு கனத்தது. வலது கை மேலே தூக்கியிருக்கிறது. மணிக்கட்டில் வளையல். கணவனோடு தீயில் மாண்டவள் என்பதற்கு அதுதான் அடையாளம். கட்டுக்கழுத்தியாகவே போனாள் என்று காட்டத்தான் அந்த வளையல். சில ஊர்களில் ஆளே இல்லாமல், வளையல் போட்ட கை மட்டும் செதுக்கின கல்லும் இருக்கிறது. எங்கள் பக்கம் இப்படிப்பட்ட இணைக்கல் உள்ள கோயிலை மாலைக்கோயில் என்பார்கள்.

அந்த வழக்கம் 1829-ல் வங்காளத்திலும், மறுவருஷம் சென்னை ராஜதானியிலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. நல்லவேளை. அதைப் பெருமையாகப் பேச ஒன்றுமில்லை. கும்பிடும்போது அவளுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்படலாம்.

"இவ பேரு என்னத்தே?" என்று கேட்டேன்.

"அவனுக்கே பேரு தெரியல. இவளுக்கு யாரு வச்சா?"

ரைடனுக்குக் கயிறு இல்லாவிட்டாலும் அவர் பேர் பதிவாகியிருக்கிறது. இவளுக்கு அடையாளமெல்லாம் இருக்கிறது, பேர்தான் இல்லை.

நம் மாவட்டத்துப் பெருமை

பேர் எழுதி வைக்கிற வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஆண்டிபட்டி தாலுகாவில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று கற்களைக் கண்டார்கள். உருவம் கிடையாது, பழந்தமிழ் எழுத்து மட்டும்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். கூடலூர் என்ற ஊரில் நடந்த ஆநிரைச் சண்டையில் இறந்த தீயன் அந்தவன் பேர் ஒன்றில் இருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் இருக்கிறதல்லவா! நடுகல் எழுத்துகளிலேயே மிகப் பழமையானவற்றில் இவையும் சேரும் என்றால் நமக்குப் பெருமைதானே.

நாம் செய்யக்கூடியவை

சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கும்பிட்டதால்தான் இந்தக் கற்கள் இத்தனை காலம் பிழைத்திருக்கின்றன. ஆனால் கல்லின் மேலேயே எண்ணெய் ஊற்றாமல், ஓரடி தள்ளி விளக்கு ஏற்றுங்கள். பளிச்சென்று இருக்கட்டுமென்று எனாமல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். எழுத்து அடைந்துபோகும். கம்பி பிரஷ், ஆசிட் கூடவே கூடாது. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம், டார்ச் போதும்.

ரோடு அகலமாகும்போதும், கோயிலைக் கான்கிரீட்டில் கட்டும்போதும்தான் பழைய கல் காணாமல் போகிறது. துவைக்கிற கல்லாகவும் வாசல்படியாகவும் ஆகிவிடுகிறது. எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் இருக்கிற இடத்திலேயே படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு போகும்போது தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். புதர் ஓரமானால் முன்னே ஒரு கம்பால் தட்டிக்கொண்டு போங்கள். ஒரு நோட்டில் கொண்டை, கச்சு, கழல், ஆயுதம், மிருகம், பெண்ணின் கை என்று வரிசையாகக் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்கிற கதையையும், சொன்னவர் பேரோடு எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். கல் ஒன்று சொல்லி, அத்தை வேறு சொன்னால் இரண்டையும் எழுதட்டும். அத்தைக்குப் பின்னால் அந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்குமா என்பது நம் கையில்தானே இருக்கிறது?