திருடுறவன் படிக்க மாட்டான்!

வெள்ளிக்கிழமை காலையில பாக்தாத்ல இருந்தா எங்கே போகணும் தெரியுமா? முத்தனபி தெருவுக்கு! நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனா, கடைக்குள்ளே புத்தகம், பிளாட்பாரத்துல புத்தகம், தள்ளுவண்டியில புத்தகம்... நடந்துக்கிட்டே போனா, டைக்ரிஸ் நதிக்கரையில சிலையா நிற்கிறார் 10-ம் நூற்றாண்டு அரபிக் கவிஞர் முத்தனபி. தெருவோட பேர் அவருக்காகத்தான்.

அரபியும் நம்ம தமிழ் மாதிரிதான் பாஸ். எழுதுறது ஒண்ணு, பேசுறது ஒண்ணு. பாக்தாத் பையன் பேசுறது மொராக்கோ பொண்ணுக்குச் சட்டுனு புரியாது. ஆனா, எழுத்து அரபி ரெண்டு பேருக்கும் பொது. அதனாலதான் எந்த நாட்டுல அச்சடிச்ச புத்தகமும் இங்கே விலை போகுது. 'கெய்ரோ எழுதும், பெய்ரூட் அச்சடிக்கும், பாக்தாத் படிக்கும்'னு அங்கே ஒரு பேச்சே உண்டு.

இது இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்லை. 9-ம் நூற்றாண்டுலயே கிரேக்க, இந்திய நூல்களை இந்த ஊர்ல அரபிக்கு மாத்தினாங்க. அப்போ இங்கே வேலை பார்த்த அல் குவாரிஸ்மியோட பேர்தான், நீங்க கம்ப்யூட்டர் லேப்ல சொல்ற 'அல்காரிதம்' ஆச்சு. அவர் எழுதின நூலோட தலைப்புல இருந்த 'அல் ஜப்ர்', அல்ஜீப்ரா ஆச்சு. அவ்வளவு ஏன்... அசல், நகல், வசூல், வக்கீல், மசோதா, கேன்டீன்ல நீங்க வெச்சிருக்கிற பாக்கி... எல்லாமே பாரசீகம், உருது வழியா நம்மகிட்ட வந்து சேர்ந்த அரபி வார்த்தைகள்தான்!

இந்தத் தெரு பட்ட கஷ்டமும் கொஞ்சநஞ்சமில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையால நாடே தவிச்சப்போ, வீட்டுல அடுப்பெரிய பேராசிரியர்கள்கூட சொந்தப் புத்தகங்களை இங்கே கொண்டுவந்து வித்தாங்க. 2007 மார்ச் 5-ம் தேதி கார் குண்டு வெடிச்சு 30 பேருக்கு மேல் பலி. புத்தகக் கடைகள் எரிஞ்சு சாம்பல். 1917-ல ஆரம்பிச்ச ஷாபந்தர் டீக்கடையும் நொறுங்கிப்போச்சு. கடைக்காரர் தன் மகன்களையே பறிகொடுத்தார். ஆனாலும், ஊரைவிட்டுப் போகலை. கடையை மறுபடி கட்டி, பிள்ளைகளோட படங்களைச் சுவத்துல மாட்டி, திரும்பவும் டீ கொடுக்க ஆரம்பிச்சார்.

2021 டிசம்பர்ல தெருவையே புதுப்பிச்சுத் திறந்தாங்க. வெள்ளிக்கிழமை ஆனா, உங்களை மாதிரி காலேஜ் பசங்க கூட்டம் அள்ளுது. ராத்திரியில புத்தகங்களை வெளியிலேயே விட்டுட்டுப் போறதும் அங்கே வழக்கம். 'யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?'னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே ஒரு பதில் வரும்... 'படிக்கிறவன் திருட மாட்டான். திருடுறவன் படிக்க மாட்டான்!'