இச்சாப்பூர் துப்பாக்கிக்கு ஒரு கட்டை வேணும்

மாமா பையன் டெக்சஸ்ல இருக்கான். எனக்கு மாப்ள முறை, வயசுலயும் சின்னவன். போன வருஷம் ஒரு நாள் நடுராத்திரி போன். "மச்சான், ஒரு .303 வாங்கிருக்கேன். 1942-ல இச்சாப்பூர்ல செஞ்சது. கட்டையை மட்டும் எவனோ நாசம் பண்ணிட்டான். அங்கதானே செஞ்சாங்க, ஒரு கட்டை பாத்து அனுப்புங்க" என்றான். என்னவோ ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கேக்குற மாதிரி :-)

அவன் ஆசைக்குக் காரணம் எங்க தாத்தா. அவனுக்கு அப்பாவைப் பெத்தவர், எனக்கு அம்மாவைப் பெத்தவர். 1944-ல பர்மா எல்லையில இருந்தவர். தோள்ல தூக்கினது இந்த ரகத் துப்பாக்கிதான். ஆனா ஊர் திரும்பினதுக்கு அப்புறம் மனுஷன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. தோட்டத்துல காட்டுப்பன்னி இறங்கினா தகர டப்பாவைத் தட்டுறதோட சரி. லைசென்ஸ் வாங்குங்கன்னு ஊர்ல எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க, கேக்கலை. (2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளயே வந்துச்சே, அப்ப அவர் இருந்திருந்தா டப்பாவோட கிளம்பியிருப்பார்.)

சரி, கட்டைக்கு வருவோம். லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கு மரம் ஒரே துண்டு கிடையாது. தோள்ல வைக்கிற பட் தனி, அடியில ஓடுற முன்கட்டை தனி, குழாய் சூட்டுக்குக் கை வேகாம இருக்க மேல ரெண்டு மூடி தனி. முன்கட்டை குழாய் நுனி வரைக்கும் போகும். போர் முடிஞ்சு இதெல்லாம் மலிவா விலைக்கு வந்தப்போ, அமெரிக்காவுல வேட்டைக்குப் போறவங்க எடை குறையட்டும்னு முன்கட்டையைப் பாதியில அறுத்துட்டாங்க. மாப்ள வாங்கினதும் அப்படி அறுபட்டதுதான். பட்டையும் ஒரு அங்குலம் வெட்டி ரப்பர் ஒட்டியிருந்தாங்க.

இங்க தேடினா நடக்குமா? மேற்கு வங்காளத்துல இச்சாப்பூர் தொழிற்சாலை இன்னும் இருக்கு, 2021-லேர்ந்து புது கம்பெனிக்குக் கீழே. ஆனா நம்ம நாட்டுல .303 சாதாரண லைசென்ஸ்ல கிடைக்காத ரகம். விவசாயிங்க வச்சிருக்கிறது .315. உத்தரப் பிரதேசப் போலீசே 2020 குடியரசு தின அணிவகுப்போட .303-க்கு விடை கொடுத்தாச்சு. அதோட, 1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்னா அதோட பாகமும் சேர்த்திதான். வெறும் மரம்தானேன்னு பார்சல் போட்டா கஸ்டம்ஸ்ல யார் பதில் சொல்றது? மாப்ளகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்.

அவன் விடலை. "அப்ப நம்ம ஆசாரியை வச்சுப் புதுசாச் செஞ்சா?" போட்டோவை எல்லாம் எங்க ஆசாரிகிட்ட காட்டினேன். பெரியவர் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்துட்டு முதல்ல கேட்டது, "உதை எங்க தம்பி விழுது?" அதுதான் விஷயமே. சுடும்போது வர்ற உதையை முன்கட்டையோட பின்பக்கத்துல உள்ள ரெண்டு சின்ன மரப் பரப்புதான் தாங்குது. அங்க ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் நாலு சுடுல கட்டை பிளந்துடும். ஆஸ்திரேலியாக்காரன் மெது மரத்துல செஞ்சப்போ அந்த இடத்துல செம்புத் தகடு வச்சான். இச்சாப்பூர்ல குறுக்கால ஒரு திருகாணியைப் பூட்டினாங்க. "துப்பாக்கி எதிர்ல இல்லாம நான் உளியைத் தொட மாட்டேன்" என்று ஆசாரி கையை விரிச்சுட்டார். அவர் சொன்னது நியாயம்.

அந்தக் குறுக்குத் திருகாணிதான் கடைசியில உதவுச்சு. அமெரிக்காவுலயே பழைய உதிரி விக்கிற ஒருத்தர்கிட்ட குவியலாக் கிடந்த முன்கட்டைகள்ல இச்சாப்பூர்க் கட்டையைத் திருகாணியை வச்சுத்தான் மாப்ள அடையாளம் கண்டான். கம்பி சுத்தின கட்டை ஒண்ணும் இருந்துச்சாம். அது கிரனேடு வீசின துப்பாக்கியோடது, வேண்டாம்னுட்டான். புதுசா வால்நட்ல பளபளன்னு செஞ்சதும் கிடைக்குது. ஆனா 1942 இரும்புக்கு அது ஒட்டாது. கிழவருக்கு டை அடிச்ச மாதிரி இருக்கும்.

பட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி முன்கட்டையை எடுத்தாகணும். பட்டுக்குள்ள ஓடுற நீளப் போல்ட்டோட சதுர முனை முன்கட்டைத் தகட்டுல சொருகியிருக்கும். அப்படியே திருகினா பின்பக்கம் வெடிச்சுடும். நிறையப் பேர் அப்படித்தான் நல்ல கட்டையைத் தொலைக்கிறாங்களாம்.

கட்டை வந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போறேன்னான். ஆசாரிகிட்டக் கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டார். தேய்ச்சா முத்திரை போயிடும், இரும்புக்கு மேல நிக்க வேண்டிய மரம் கீழே இறங்கிடும். பள்ளம் இருந்தா ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வை, தானா எழும்பும், அப்புறம் ஆளிவிதை எண்ணெயைக் கையால தேய் என்றார். செஞ்சான், எழும்பிருச்சு.

இதனால அது தாத்தாவோட துப்பாக்கி ஆயிடுமா? அவர் நம்பர் யாருக்குத் தெரியும். அம்மாகிட்ட போட்டோ காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. "இதையா அவரு அவ்வளவு நாள் தூக்கிட்டுத் திரிஞ்சாரு"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

பட் இன்னும் கிடைக்கலை. குட்டை, நடுத்தரம், நீளம்னு அளவு வாரியாச் செஞ்சிருக்காங்க. தாத்தா ஆறடி, நீளந்தான் வேணும்னு மாப்ள பிடிவாதமா இருக்கான்.