அப்பாவின் கணக்குப் புத்தகம்

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு வயது ஆறு. "அரசாங்க மருத்துவமனைதானே, என்ன செலவு?" என்றனர் உறவினர். உண்மைதான், கட்டணம் சில வெள்ளிதான். ஆனால் இந்நோய்க்கான சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். தெலுக் இந்தானிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வர வேண்டும். வார்டில் தம்பியோடு இருக்க அம்மா தொழிற்சாலை வேலையை விட்டார். லாரி ஓட்டும் அப்பாவுக்கு வேலைக்குப் போகாத நாளில் சம்பளமில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

அப்பா எழுதிவைத்த கணக்கைப் பின்னாளில் புரட்டினேன். பேருந்து, சாப்பாடு, வட்டி, மீண்டும் பேருந்து. 'மருந்து' என்ற சொல்லே இல்லை.

தம்பி இன்று இடைநிலைப்பள்ளி மாணவன். சங்கிலி மட்டும் திரும்பவில்லை.

நண்பர்களே, நோயுற்ற குழந்தையைப் பார்க்கப் போனால், பழங்களோடு பேருந்துக் காசையும் அந்தத் தாயின் கையில் வைத்துவிட்டு வாருங்கள்.