எண்பதாயிரம் கலம் நெல்... ஒரே ஒரு வாக்கு!

நன்னிலம் என்று பெயர் வைத்த மனுஷனுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். நல்ல நிலம், நன்னிலம். அவ்வளவுதான். அடைமொழி இல்லை, அலட்டல் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். பேரளம், பூந்தோட்டம், நன்னிலம்... கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. நடுநடுவே வாய்க்கால், மதகு, வரப்பில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் கொக்கு. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த ஊர், 1997 முதல் திருவாரூர் மாவட்டம். போர்டுதான் மாறியது. வயல் அப்படியே இருக்கிறது.

ஊரில் மதுவனேஸ்வரர் கோயில் இருக்கிறது. (அவசரப்படாதீர்கள், இந்த மது தேனீ சம்பந்தப்பட்டது! தேவர்கள் தேனீ உருவில் வந்து வழிபட்டதாகத் தலபுராணம்.) கோச்செங்கட்சோழன் கட்டிய மாடக்கோயில், சுந்தரர் பாடிய தலம். பக்கத்திலேயே நல்லமாங்குடி. 1930-ல் அங்கே பிறந்த ஒரு பையன் பிற்காலத்தில் சினிமாவைத் திருப்பிப் போட்டான். டைரக்டர் கே. பாலசந்தர்தான்!

ஆனால் நான் இந்த வட்டாரத்தில் தேடிப் போனது சினிமாவை அல்ல, சோற்றை. அதாவது, பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களின் கதைகளை.

முதல் கதைக்குப் பூந்தோட்டத்திலிருந்து மேற்கே திருவீழிமிழலை போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டு. மழை இல்லை, பஞ்சம். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். அடியார் கூட்டம் பட்டினி. சிவபெருமான் தினம் ஆளுக்கொரு பொற்காசு படியில் வைத்துவிடுகிறார். இரண்டு மடத்திலும் உலை ஏறுகிறது. அதில் ஒரு வேடிக்கை. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு, சம்பந்தர் மடத்தில் தினமும் லேட். விசாரித்தால், சம்பந்தரின் காசைக் கடைக்காரன் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறானாம். அப்பர் காசுக்கு அந்தத் தகராறே இல்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? அப்பர் கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர், உடம்பு வருந்தத் தொண்டு செய்தவர். அதனால் அவருக்கு வாசியில்லாக் காசு! பிறகு சம்பந்தர் ஒரு பதிகம் பாடி நல்ல காசு வாங்கிக்கொண்டார் என்பது தனிக்கதை. அந்த அப்பர் கடைசியில் இறைவனோடு கலந்த திருப்புகலூரும் நன்னிலத்துக்குப் பக்கத்தில்தான்.

ஆக, இந்த மண்ணுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கையால் உழைத்த தொண்டுக்குத்தான் முழு மதிப்பு. வாயால் செய்ததற்கு வட்டம் பிடிக்கும்.

இந்தக் கணக்கை ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் கடல் தாண்டி வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இரண்டாவது கதை.

கிழக்கே கடலோரம் தரங்கம்பாடி. ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-ல், டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய ஊர். 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர். நோக்கம், கிறிஸ்தவ ஊழியம். வந்த இடத்தில் வரவேற்பு? சுத்தம்! சொந்த ஆட்களான டேனிஷ் அதிகாரிகளே முகம் கொடுக்கவில்லை. பின்னால் சீகன்பால்குவை நாலு மாதம் சிறையிலும் போட்டார்கள்.

அவரைச் சேர்த்துக்கொண்டது யார் தெரியுமா? ஒரு தமிழ் வாத்தியாரும் அவருடைய பொடிப்பயல்களும். சீகன்பால்கு அந்தப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். குழந்தைகளோடு குழந்தையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதினார். கொடுக்க வந்தவர் முதலில் கை நீட்டி வாங்கினார், தமிழை. அந்தக் கடனைத்தான் பிறகு அச்சகம், தமிழில் புதிய ஏற்பாடு, பள்ளிக்கூடங்கள் என்று வட்டியும் முதலுமாகத் திருப்பினார். 1719-ல் தரங்கம்பாடியிலேயே காலமானபோது வயது 36.

அதே தரங்கம்பாடிக்கு 1750-ல் இன்னொரு ஜெர்மன்காரர் வந்தார். பெயர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். ஊரிலேயே தமிழ் கொஞ்சம் படித்துக்கொண்டு வந்ததால் நாலே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். திருச்சியில் பல வருஷம், அப்புறம் தஞ்சாவூர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம்ம ஊர்க்காரராகவே ஆகிவிட்டார்.

அவர் வாக்குக்கு இருந்த மரியாதைக்கு ஒரு சாம்பிள். 1779-ல் மைசூர் ஹைதர் அலியிடம் சமாதானத் தூது போக வேண்டும். "அந்தப் பாதிரியை அனுப்புங்கள், அவர் ஏமாற்ற மாட்டார்" என்றாராம் ஹைதர். போனார். வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக வைத்துவிட்டார்.

தூது பலிக்கவில்லை. 1780-ல் யுத்தம் வந்தது. 1781-ல் ஹைதரின் படை தஞ்சைச் சீமையில் புகுந்தது. ஏரி, வாய்க்கால், பயிர் எல்லாம் நாசம். சோழநாடு சோறுடைத்து என்று பெருமை பேசிய பூமியில் சோறு இல்லை! ஜனங்கள் தஞ்சைக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். தெருவில் விழுந்து செத்தார்கள். சுவார்ட்ஸ் விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதைக் கொண்டு பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்.

ஆனால் கோட்டையில் இருந்த சிப்பாய்களுக்கே சாப்பாடு இல்லை. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது. உள்ளே கொண்டுவர மாடு இல்லை. துளஜா மன்னர் ஆள் அனுப்பினார். கூலி தருகிறோம், மாடு கொண்டு வாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தர் அசையவில்லை. ஏன் அசைவார்கள்? இதற்கு முன்னால் சர்க்கார் ஆட்கள் எத்தனை தடவை நாமம் போட்டிருக்கிறார்களோ!

கடைசியில் மன்னர் சுவார்ட்ஸைக் கூப்பிட்டார். அவர் குடியானவர்களுக்கு எழுதியது இவ்வளவுதான். மாட்டுக்கும் ஆளுக்கும் உண்டான கூலியை நானே என் கையால் எண்ணிக் கொடுப்பேன்.

ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன! யுத்தம் நடக்கும்போது, உயிரைப் பணயம் வைத்து, அந்த ஜனங்கள் கோட்டைக்குள் கொண்டு வந்து சேர்த்த நெல் 80,000 கலம். நம்ம தஞ்சாவூர்க் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. நாற்பதாயிரம் மூட்டை! கோட்டை பிழைத்தது. சுவார்ட்ஸ் சொன்னபடி கூலி கொடுத்தார். கையில் பணம் போதாமல், தன்னிடம் இருந்த பிறருடைய பணத்தையும் எடுத்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். கூலிக்கு மேல் ஒரு சின்ன வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. நெல்லைக் கொடுத்துக் காப்பாற்றியது யார்? பாதிரியாரா, குடியானவர்களா? யோசித்தால் இரண்டு பேரும்தான். அவர் கொடுத்தது வாக்கு. அவர்கள் கொடுத்தது மாடும் முதுகும்.

சில வருஷம் கழித்து இன்னொரு சோதனை. அதிகாரிகளின் வரிக்கொடுமை தாங்காமல் தஞ்சைச் சீமைக் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டே போய்விட்டார்கள். நிலம் தரிசு கிடக்கிறது. திரும்பி வாருங்கள் என்று மன்னர் அழைத்தார். யாரும் நம்பவில்லை. மறுபடியும் சுவார்ட்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. இனி நியாயமாக நடத்துவார்கள், நான் பொறுப்பு என்றார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள்!

விதைப்புக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டதே, கொஞ்சம் வேகமாகப் பாடுபடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதற்கு அவர்கள் சொன்ன பதிலை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் எங்களுக்குச் செய்ததற்கு எங்கள் மரியாதையைக் காட்ட, ராத்திரி பகலாக உழைப்போம் என்ற அர்த்தத்தில் இருக்கிறது அது.

டெல்டாவில் நன்றி சொல்கிற விதம் இதுதான். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் நம்ம வீடுகளில் யாராவது யாருக்காவது 'நன்றி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அம்மாவிடம் சொன்னால், "என்னடா, உடம்புக்கு ஏதாவதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இங்கே நன்றி என்பது வார்த்தை இல்லை. "இருந்து ஒருவாய் சாப்பிட்டுப் போங்க" என்பதுதான் அதற்குத் தமிழ்.

இந்தப் பக்கத்துக்குச் சேவைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலியானபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோதும், கோயில், மசூதி, சர்ச் என்று பார்க்காமல் எல்லாப் பக்கமிருந்தும் வேன் வந்தது. சர்ச் குழுக்கள் லீவு நாளில் மருத்துவ முகாம், பிள்ளைகளுக்கு வகுப்பு என்று வருவதும் பழக்கம்தான்.

நன்னிலம் டீக்கடை ஒன்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"வர்றவங்க எல்லாரும் நல்லவங்கதான் தம்பி. அரிசி தர்றாங்க, போர்வை தர்றாங்க, போட்டோ எடுத்துக்கறாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லே. ஆனா, 'அடுத்த மாசம் வர்றோம்'னு சொல்லிட்டுப் போறாங்க பாருங்க... அங்கதான் எங்களுக்கு இடிக்குது. வரலேன்னா சொல்லாம இருக்கலாம்ல? கொழந்தைங்க வாசலையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க."

"வந்தவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா?"

"ஏன் இல்லே? ஒரு அம்மா, நர்சு. சொன்ன தேதிக்கு வந்துடும். மாத்திரை கொண்டு வருதோ இல்லியோ, ஆளு வந்துடும். அது வந்தா எங்க வீட்டுல மீன் கொழம்பு. சாப்பிடாம அனுப்ப மாட்டோம்!"

வாசியில்லாக் காசு என்பது வேறு என்ன? எனக்கு அங்கேயே புரிந்தது, ஏழாயிரம் பேர் ஏன் திரும்பி வந்தார்கள் என்று.

கும்பகோணத்தில் பஸ் மாறித் தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா. அதை ஒட்டி 1779-ம் வருஷத்து சுவார்ட்ஸ் தேவாலயம். உள்ளே ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம், லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது. படுக்கையில் ஒரு கிழவர், மரணத் தறுவாயில். அவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார் ஓர் இளவரசர். கிழவர் சுவார்ட்ஸ். இளவரசர் சரஸ்வதி மகாலுக்குப் புகழ் சேர்த்த இரண்டாம் சரபோஜி.

துளஜா மன்னர் 1787-ல் கண்ணை மூடுவதற்கு முன் தத்துப் பிள்ளை சரபோஜியை சுவார்ட்ஸ் பொறுப்பில்தான் விட்டார். அரண்மனைச் சூழ்ச்சிகளிலிருந்து அந்தப் பையனைக் காத்து, படிக்க வைத்து, அரசுரிமைக்காகக் கடைசி வரை வாதாடியவர் அவர். சரபோஜி சிம்மாசனம் ஏறியது 1798-ல். அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை. அதே வருஷம் பிப்ரவரி 13-ல் போய்விட்டார். சரபோஜி மதம் மாறவில்லை, கடைசி வரை சிவபக்தர். ஆனால் அந்தச் சிற்பத்தைச் சொந்தச் செலவில் வரவழைத்தவரும், கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தானே கவிதை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

மன்னர் சலவைக்கல்லில் நன்றி சொன்னார். அது இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். பெயர் தெரியாத ஏழாயிரம் பேர் சேற்றில் இறங்கி நாற்று நட்டுச் சொன்ன நன்றிக்குச் சிலை கிடையாது. அதைப் பார்க்க நன்னிலம் பக்கம் ரயிலில் வாருங்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது!