முட்டாள்களின் தங்கம்

1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆற்றோரம் ஒன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் விவசாயிகளும் மாலுமிகளும் கடைக்காரர்களும் தத்தம் தொழிலை விட்டுவிட்டு அங்கு விரைந்தனர். அனுபவம் இல்லாத சிலர், பாறை இடுக்குகளில் பளபளத்த மஞ்சள் கற்களைக் கண்டு மகிழ்ந்தனர். சோதித்துப் பார்த்த பிறகே அவை தங்கமல்ல என்பது தெரிந்தது. அக்கல்லின் பெயர் பைரைட். ‘முட்டாள்களின் தங்கம்’ என்பது அதற்கு வழங்கும் கேலிப்பெயர்.

பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்து உருவான கனிமம். கிரேக்க மொழியில் ‘பைர்’ என்றால் நெருப்பு. எஃகினால் தட்டினால் இக்கல்லிலிருந்து தீப்பொறி பறக்கும், அதனால்தான் இப்பெயர். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துப்பாக்கிகள் சிலவற்றில், சுழலும் எஃகுச் சக்கரம் பைரைட் துண்டில் உராய்ந்து வெடிமருந்தைப் பற்ற வைத்தது. மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் இக்கல்லை மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, ஒட்டிக் கண்ணாடி செய்தனர். ஸ்பெயினின் நவஹூன் என்னும் ஊரில் கிடைக்கும் பைரைட், உளியால் செதுக்கியது போன்ற கனசதுர வடிவில் இயற்கையாகவே அமைந்திருக்கிறது.

நிறத்தால் ஏமாற்றினாலும், எளிய சோதனைகளில் பைரைட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மெருகிடாத வெள்ளை ஓட்டில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு இடும். பைரைட்டோ பச்சை கலந்த கறுப்புக் கோடு இடும். சுத்தியலால் அடித்தால் தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கும். தங்கத்தில் கத்தி முனையால் எளிதில் கீறலாம். பைரைட்டில் அவ்வாறு கீற இயலாது. ஒரே அளவுள்ள துண்டுகளைக் கையில் ஏந்தினால், தங்கம் ஏறத்தாழ நான்கு மடங்கு கனமாக இருக்கும்.

பைரைட் அணிகலனாகவும் பயன்படுகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சிறு துண்டுகளாகப் பட்டை தீட்டி வெள்ளியில் பதித்த நகைகள் விரும்பி அணியப்பட்டன. அவற்றை ‘மார்க்கசைட்’ நகை என்று விற்றனர். உண்மையில் மார்க்கசைட் என்பது எளிதில் உதிர்ந்துபோகும் வேறொரு கனிமம். நகையாக மாறியபோதும் பைரைட் தன் சொந்தப் பெயரைப் பெறவில்லை. செல்வத்தை ஈர்க்கும் கல் என நம்பி இதனை வைத்திருப்போரும் உள்ளனர். அதற்கு அறிவியல் சான்று இல்லை. ஈரம் பட்டால் இக்கல் மெல்லச் சிதையக்கூடும். ஆகவே, இதனை நீரில் ஊறவைக்காமல் உலர்ந்த துணியால் துடைப்பதே நல்லது.

இக்கல்லின் கதை இத்துடன் முடியவில்லை. 1961இல் நெவாடா மாநிலத்தின் கார்லின் ஊருக்கு அருகில் பெரும் தங்கப் படிவம் கண்டறியப்பட்டது. அங்குள்ள தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. அதன் பெரும்பகுதி பைரைட் துகள்களுக்குள்ளேயே உருவானது. இன்று அமெரிக்காவில் மிகுதியான தங்கம் தரும் மாநிலம் நெவாடாதான்.

அன்று கலிபோர்னியாவுக்கு மாட்டு வண்டிகளில் சென்றவர்களுள் பலர், ஹம்போல்ட் ஆற்றை ஒட்டி இந்தக் கார்லின் வழியாகவே சென்றனர். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதைக் கலிபோர்னியா அவர்களுக்குக் கற்பித்தது. மின்னாத மண்ணிலும் பொன் இருக்கலாம் என்பதை அறியாமலே அவர்கள் நெவாடாவைக் கடந்து சென்றனர். கண் காண்பதை மட்டும் நம்பி ஒன்றைக் கொள்வதும் தவறு, தள்ளுவதும் தவறு.