ஒன்பது கஜத்தில் ஒரு கோதடி

ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது திலக் நகர் ஸ்டேஷன். பலருக்கு அது லோக்மான்ய திலக் டெர்மினஸுக்குப் போகும் குறுக்கு வழி, அவ்வளவுதான். கோயமுத்தூர் ரயிலைப் பிடிக்கப் பெட்டியும் படுக்கையுமாக ஓடுகிறவர்கள் ஸ்டேஷனின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. மறுபக்கம் இருப்பது வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய காலனி. கட்டடங்களுக்குப் பெயரைவிட எண்ணே பிரபலம். விநாயகர் சதுர்த்தி வந்தால் மட்டும் மும்பை முழுவதும் இந்தப் பக்கம் திரும்பும். சஹ்யாத்ரி கிரீடா மண்டல் போடும் பந்தல் ஒரு வருஷம் அரண்மனை, இன்னொரு வருஷம் கோயில்.

பந்தல் பிரித்த பிறகு வருகிறவர்கள் பார்க்க வேண்டியவை ஜன்னல் கம்பிகளும் மொட்டை மாடிச் சுவர்களும். மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியதும் அங்கே கனமான, வெளிறிய, பல வண்ணத் துணிகள் காயப் போடப்படும். தூரத்திலிருந்து பார்த்தால் ஜமுக்காளம் போலிருக்கும். கிட்டே போனால் ஒரு மூலையில் மாம்பழக் கரை, நடுவில் யாருடைய வேட்டியோ, இன்னொரு ஓரத்தில் பூப்போட்ட வாயில். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது எறும்பு வரிசை மாதிரி ஓடும் தையல். இதுதான் மராத்தி வீடுகளின் கோதடி.

மேல்நாட்டில் க்வில்ட் என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுகிறார்களே, அதற்கு இது உறவு. ஆனால் ஏழை உறவு. க்வில்ட்டுக்குப் புதுத்துணி, நடுவில் பஞ்சு. கோதடிக்கு எல்லாமே பழசு. மேலே ஒரு பழைய சேலை, கீழே ஒரு பழைய சேலை, வயிற்றில் கிழிந்ததும் நைந்ததும். மகாராஷ்டிரத்தில் இதற்கு ஒரு மகான்கூட உண்டு. 1876 முதல் 1956 வரை வாழ்ந்த காட்கே பாபா ஒட்டுப்போட்ட கந்தலையே உடுத்திக்கொண்டு, துடைப்பத்தால் ஊர் ஊராகத் தெருக் கூட்டிவிட்டு, பிறகு கீர்த்தனை செய்தவர். ஜனங்கள் அவரைக் கோதடே மகராஜ் என்றும் அழைத்தார்கள்.

மும்பையில் குளிர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜனவரியில் நாலு நாள் காலை கொஞ்சம் சிலுசிலுக்கும், அதற்கே ஸ்வெட்டரை எடுத்துவிடுவார்கள். இங்கே கோதடியின் முக்கிய உத்தியோகம் போர்த்துவது அல்ல, விரிப்பது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்க வேண்டிய வீட்டில் கட்டில் எங்கே போடுவது? ராத்திரி தரையில் விரித்து, காலையில் மடித்துப் பரணில் ஏற்றிவிடலாம். பஞ்சு மெத்தையை அப்படிச் செய்ய முடியாது. துவைக்கவும் முடியாது. வில்லோடு தெருத்தெருவாக வந்து பஞ்சு அடித்துக் கொடுப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும். கோதடிக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நாள் வெயிலும் போதும்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல, பெயர்தான் புதிது. அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டிக் குழந்தையைப் போடுவதன் தர்க்கமும் இதே தர்க்கம்தான். பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் துணியைப் போலக் குழந்தையின் தோலுக்கு இதமானது கடையில் கிடைக்காது. மராத்தி வீடுகளில் பாட்டியின் சேலையில்தான் பிறந்த குழந்தைக்குக் குட்டிக் கோதடி தைப்பார்கள்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மராத்திக் கிழவிகள் உடுத்தும் நௌவாரியும் ஒன்பது கஜம். திலக் நகருக்குப் பக்கத்திலேயே உள்ள சேடா நகரில், திருச்செம்பூர் முருகன் கோயில் படியேறும் மடிசார் மாமிகளின் சேலையும் ஒன்பது கஜம். கட்டும் முறை வேறு, அளவு ஒன்று. அந்த அளவில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒன்பது கஜம் என்பது சுமார் 8.2 மீட்டர். அதை நாலாக மடித்தால் இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிக நீளம், ஒரு சேலை அகலம், நான்கு அடுக்கு. ஒரு ஆள் படுக்கும் கோதடி. கத்தரிக்கோல்கூடத் தேவையில்லை. ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் 1.83 மீட்டர். உயரமானவர்களுக்குக் கால் வெளியே நீட்டும்.

இன்றைய சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒன்பது கஜம் உடுத்தும் தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறையின் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். அது கிழியாது, சாயம் போகாது, வேர்வையை உறிஞ்சாது. ஊசி போட்டால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். நல்ல கோதடிக்கு நூல் சேலை வேண்டும், அதுவும் உழைத்துக் களைத்த நூல் சேலை.

அந்தச் சேலைகள் இப்போது எங்கே போகின்றன? திலக் நகரின் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழும்புகின்றன. காலி செய்யும்போது பரண் இறங்கும், டிரங்குப் பெட்டி திறக்கும். தற்காலிக வீட்டில் எல்லாவற்றுக்கும் இடம் கிடையாது. தலையில் பாத்திரக் கூடையோடு தேவிபூஜக் சமூகத்துப் பெண்கள் வருவார்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்பது மும்பையில் காலங்காலமாக நடக்கும் பண்டமாற்று. மாமியாரின் சேலைகள் ஒரு டப்பாவாக மாறும். தைக்கக் கற்றுக்கொள்ள நினைக்கும் மருமகள் முந்த வேண்டியது அந்தக் கூடையைத்தான்.

வீட்டில் சேலை இல்லாதவர்களுக்குத் தாராவி இருக்கிறது. அங்குள்ள தையல் பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத் துணிக்கு மராத்தியில் சிந்தி என்று பெயர், எடை போட்டு விற்கிறார்கள். (கண்ணன் விரலில் ரத்தம் கண்டதும் திரௌபதி சேலையைக் கிழித்துக் கட்டினாளே, அதுவும் மராத்தியில் சிந்திதான்.) தமிழில் எழுதினால் வேடிக்கை. 1947க்குப் பிறகு அகதிகளாக வந்து செம்பூர் கேம்ப்பில் குடியேறிய சிந்தி மக்களுக்கும் அதே எழுத்துகள். பெயர்ப் பொருத்தம் தற்செயல், ஆனால் ஒட்டுத்துணியில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. சிந்து மாகாணத்தின் ரல்லிப் போர்வையில் முக்கோணமும் சதுரமும் கணக்குப் பாடம் போலக் கச்சிதமாக நிற்கும். கோதடிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கிடைத்த துண்டு கிடைத்த இடத்தில்.

அதனாலேயே புதிதாகத் தொடங்குபவருக்குக் கோதடி நல்ல ஆசான். மேல்நாட்டு முறையில் தொடங்கினால் முதல் நாளே உருளும் கத்தி, அளவுக்கோடு போட்ட பாய், மெஷின், கால் அங்குலத் தையல் விளிம்பு என்று பட்டியல் நீளும். ஒரு சதுரம் கோணினால் வரிசையே கோணும். சென்னையில் 2019 ஜனவரியில் முதல் இந்திய க்வில்ட் திருவிழா நடந்த பிறகு இங்கும் அந்தக் கலைக்கு ரசிகர்கள் பெருகியிருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் அங்கே வாசற்படி கொஞ்சம் உயரம்.

கோதடிக்கு வேண்டியவை ஊசி, பருத்தி நூல், கத்தரிக்கோல், தரை. முதல் முயற்சிக்குப் பெரிய கோதடி வேண்டாம். ஒரு மீட்டருக்கு முக்கால் மீட்டர், குழந்தைக் கோதடி போதும். துணியில் ஒட்டியிருக்கும் கஞ்சி போகத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். அடியில் ஒரு முழுத் துண்டு, நடுவில் இரண்டு அடுக்கு, மேலே இன்னொரு முழுத் துண்டு. எதிரெதிர் மூலையில் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் சுருக்கம் போகும். தனி ஆளாக இருந்தால் நாலு மூலையிலும் சொம்பு வைத்துக்கொள்ளலாம். பிறகு சாணுக்கு ஒன்றாக நீள நீளமான தற்காலிகத் தையல். இதைத் தாண்டிப் போகத்தான் புதியவர்களுக்கு அவசரம். தாண்டினால் பாதியில் அடுக்குகள் நகர்ந்து, கோதடியின் வயிற்றில் ஒரு கட்டி உருவாகும். பிரிப்பதைத் தவிர அதற்கு வைத்தியம் கிடையாது.

ஓரங்களை உள்பக்கம் மடித்து, ஒரு மூலையில் தொடங்கி நாலு பக்கமும் சுற்றி வர வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் ஒரு விரல்கடை உள்ளே தள்ளி இரண்டாவது. அப்படியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி. மேல்நாட்டுக்காரர்கள் நடுவில் தொடங்கி வெளியே போவார்கள், சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட. இங்கே தலைகீழ். ஓரம் முதலில் இறுகிவிடுவதால் சட்டமும் வளையமும் தேவையில்லை. மடியில் போட்டுக்கொண்டு அரட்டையடித்தபடி தைக்கலாம். மிஞ்சும் தொளதொளப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, துணியில் மெல்லிய அலையாகப் படியும். கோதடியின் அழகே அந்த அலைதான்.

நூல் விஷயத்தில் மட்டும் பேராசை கூடாது. அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு பாகம் நூல் எடுத்தால் அது சிக்கு விழுந்து பழிவாங்கும். ஒரு கை நீளம் போதும், மெழுகுவத்தியில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். தையல் ஒரே அளவாக வருகிறதா என்று முதல் நாள் கவலைப்படுவது வீண். மூன்றாவது சுற்றில் கை தானாக ஒரு தாளத்தைப் பிடித்துவிடும். முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் வைத்துப் பார்த்தால் தைத்தவர் எவ்வளவு தேறினார் என்று அந்தக் கோதடியே சொல்லும்.

இதே வெளியிலிருந்து உள்ளே போகும் சுற்று கர்நாடகத்திலும் இருக்கிறது. உத்தர கன்னடத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களுடைய போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அடித்துணிமேல் ஒட்டுத் துண்டுகளை வைத்து வைத்து நேரடியாகத் தைத்துக்கொண்டே போவார்கள். நாலு மூலையிலும் பூ என்று அழைக்கப்படும் முக்கோண மடிப்பு. பூ இல்லாத கவந்தி நிர்வாணம் என்பது அவர்கள் பார்வை. ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இவற்றை உலகுக்குக் காட்டினார். மார்கரெட் ஃபாப்ரிசியோ என்ற கலிபோர்னியக் கலைஞர் கற்றுப் போய் அங்கே சொல்லிக் கொடுத்தார். இன்று அமெரிக்காவில் முதல் பாடமாகக் கவந்தி தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரக் கோதடிக்கும் ஒரு வக்கீல் கிடைத்தார். மும்பையைச் சேர்ந்த கீதா கண்டேல்வால் கிராமம் கிராமமாகத் தேடிச் சேர்த்த கோதடிகள் 2013ல் புத்தகமாக வந்தன. வெளியிட்டது பிரெஞ்சுப் பதிப்பகம்.

வெளியூரில் கிடைக்கும் மரியாதை உள்ளூரில் கூலியாக மாறவில்லை என்பதுதான் உறுத்தல். புணே போன்ற நகரங்களில் நடைபாதையோரம் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொடுத்துவிடும் சேலைகளைக் கோதடியாகத் தைத்துத் தரும் பெண்கள் உண்டு. பேரம் பேசாமல் பணம் கொடுக்கிறவர்கள் அபூர்வம். பழைய துணிதானே, என்ன பெரிய வேலை என்ற எண்ணம். வேலை என்னவென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் சொச்சம் நீளம், 1.15 மீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் தையல் வரிசைகள். மொத்தத் தையலின் நீளம் சுமார் 118 மீட்டர். சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் 11,800 தடவை ஊசி இறங்கி ஏற வேண்டும். கை பழகியவர் மணிக்கு நாலு மீட்டர் ஓட்டினாலும் முப்பது மணி நேரம். அந்த நேரத்தை நாள் கூலியால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்கார்ந்தால் வாய் கொஞ்சம் அடங்கும். ஒரு குழந்தைக் கோதடியையாவது தானே தைத்துப் பார்த்தவருக்குப் பெருக்கல்கூடத் தேவைப்படாது. அதிலேயே 37 மீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

தைப்பது ஒரு பாடு என்றால் வைத்துக் காப்பாற்றுவது இன்னொரு பாடு. நாலு அடுக்கு நூல் துணி தண்ணீரில் நனைந்தால் கனம் கூடிவிடும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். மழைக்காலத்தில் துவைக்கவே கூடாது, நாலு மாதமும் நாறும். பழைய காலனியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சுவர்மேல் போட்டுவிட்டு, காக்கை வருகிறதா என்று பார்க்க ஒரு பாட்டியும் இருப்பாள். புதுக் கோபுரங்களில் லிஃப்ட் உண்டு, காவலாளி உண்டு. வெளியே துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடும் என்று சொசைட்டி நோட்டீஸ் ஒட்டும். பால்கனியில் வைக்கும் மடக்குக் கொடியோ நாலு சட்டைக்கு மேல் தாங்காது. அதனால் காலனிக்காரர்கள் சிலர் கோதடியை ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். ஏப்ரல் மே விடுமுறையில் கிராமத்துக் கிணற்றடியில் துவைத்து, வைக்கோல் போர்மேல் காயப் போட்டு, மழை தொடங்குவதற்குள் மடித்துக்கொண்டு திரும்புவார்கள்.